பழைய ஸ்டூடியோப் படம் போல அச்சிட எந்தக் கடதாசி? திருகோணமலையிலிருந்து ஓர் ஒப்பீடு

"டார்க்ரூமில கழுவின படம் மாதிரி வேணும்" என்று வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தப் படம் மாதிரி? அநேகமாக வாயால் பதில் வராது. கைப்பையிலிருந்து ஒரு பழைய படம் வெளியே வரும். அதைப் பார்க்காமல் கடதாசி பற்றிப் பேசுவதில் பயனில்லை. இருட்டறையில் கழுவிய படங்களுக்கு ஒரே முகம் இருந்ததில்லை. திருகோணமலையில் ஒரு வீட்டு அலுமாரியைக் கிளறினாலே நாலு வகை அகப்படும்.

படத்தை ஜன்னலருகே கொண்டுபோய்க் கண்மட்டத்தில் சாய்த்துப் பிடியுங்கள். மெல்லிய கடதாசி, பளிச்சென்ற மினுக்கம், நெளிவெட்டு ஓரம் என்றால் அது குரோம் தகட்டில் ஒட்டிச் சூட்டில் காயவைத்த படம். ஸ்டூடியோக்காரர் 'கிளேஸ் பண்ணினது' என்பார்கள். அதே கடதாசியைத் தகட்டில் ஒட்டாமல் காற்றில் காயவிட்டால் மினுக்கம் அடங்கி, முட்டையோட்டின் மேற்பரப்பைப் போலக் கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரியும் ஒரு மேடுபள்ளம் வரும். இது இரண்டாவது வகை. மூன்றாவது, தடித்த அட்டையில் ஒட்டிக் கொடுத்த பெரிய முகப்படங்கள்: மினுக்கமே கிடையாது, நிறத்தில் கொஞ்சம் கபிலம், பரப்பில் துணி நெசவு போன்ற கோடுகள். கோடாக் நிறுவனத்தின் எக்டாலூர் இந்த வகைக்குப் பேர்போனது. ட்வீட், டப்பெஸ்ட்ரி என்று துணிகளின் பெயரிலேயே அதற்குப் பரப்புகள் இருந்தன. 2005இல் கோடாக் கறுப்பு வெள்ளைக் கடதாசித் தயாரிப்பையே நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. நாலாவது, 1970களில் பரவிய, இரு பக்கமும் பொலித்தீன் பூசிய ஆர்சி கடதாசி. 'சில்க்' அச்சுப் பதித்த கலர் கலியாணப் படங்கள் எல்லாம் இந்தக் குடும்பந்தான்.

பெரும்பாலானோர் மனதில் இருப்பது இரண்டாவது வகை. கடையில் போய்க் கேட்பது 'டெக்ஸ்சர் பேப்பர்'. கடைக்காரர் எடுத்துத் தருவது நாலாவது வகையின் போலி. காசு வீணாவது இந்த இடத்தில்தான்.

பழைய ஃபைபர் கடதாசியில், அதாவது பொலித்தீன் பூசாத முதல் மூன்று வகையில், மூன்று அடுக்கு உண்டு. அடியில் கடதாசி; அதன்மேல் பேரியம் சல்பேற்றை ஜெலற்றினில் குழைத்துப் பூசிய வெள்ளை அடுக்கு, இதுதான் பரைட்டா; அதற்கும் மேலே வெள்ளி உப்புக் கலந்த ஜெலற்றின். படம் இருப்பது அந்த மேல் ஜெலற்றினுக்குள்ளே. ஒளி அதற்குள் இறங்கி, பரைட்டாவில் பட்டு, திரும்பவும் ஜெலற்றின் வழியாக வெளியே வருகிறது. கறுப்புக்குள்ளே இன்னும் போகலாம் போல ஓர் ஆழம் தெரிவது அதனால்.

இந்தப் பரப்பில் மேடுபள்ளத்தைக் கூட்டினால் ஒளி எல்லாப் பக்கமும் சிதறும். சிதறிய ஒளியில் கொஞ்சம் எப்போதும் நம் கண்ணுக்கு வந்து கறுப்பை வெளிறவைக்கும். நல்ல குளோசி ஃபைபர் பிரிண்டின் கறுப்பு, அடர்த்தி அளக்கும் கருவியில் 2.1 அளவில் நிற்கும். விழும் ஒளியில் நூற்றில் ஒரு பங்குகூடத் திரும்பாது என்று அர்த்தம். மாட் எனப்படும் மினுக்கமில்லாத கலைக்கடதாசியில் இங்க்ஜெட் கறுப்பு சாதாரணமாக 1.6, 1.7 வரைதான் போகும். நூற்றில் இரண்டு, இரண்டரைப் பங்கு திரும்பி வருகிறது. இலக்கத்தில் சின்ன வித்தியாசம். இரண்டையும் அருகருகே வைத்தால், ஒன்றில் தாத்தாவின் கறுப்புக் கோட்டுக் கொலர் தனியாகத் தெரியும். மற்றதில் கொலரும் கோட்டும் பின்திரையும் ஒன்றாய்க் கலந்து கிடக்கும்.

ஆகவே, பரப்பு வேண்டுமா, கறுப்பு வேண்டுமா என்பதுதான் முதல் முடிவு. இரண்டையும் முழுதாகத் தரும் கடதாசியை நான் இன்னும் காணவில்லை. இருட்டறைக் காலத்திலும் அப்படி ஒன்று இருந்ததில்லை. நெசவுப் பரப்பு முகப்படங்கள் எல்லாம் கறுப்பை விட்டுக்கொடுத்துத்தான் அந்த மென்மையை வாங்கின.

மலிவானதை முதலில் முடித்துவிடலாம். 'சில்க்', 'லெதர்', 'கன்வஸ்' என்று பெயர் போட்டு ஏ4 பொதிகளாக வருகிற கடதாசிகள். உருளையால் அழுத்திய அச்சு. ஒரே வடிவம், ஒரே இடைவெளி. நேரே பார்த்தால் பரவாயில்லை. பக்கவாட்டு ஒளியில், அதுவும் கடற்கரைப் பக்கம் பார்த்த வீடுகளின் பின்னேர வெளிச்சத்தில், கட்டம் கட்டமாக எழுந்து நிற்கும். பழைய சில்க் அல்பத்தில் தொலைந்த ஒரு படத்துக்குப் பதில் வைக்க இது பொருந்தும். வேறு எதற்கும் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

இதோடு சேர்ந்த இன்னொரு சிக்கலையும் சொல்லவேண்டும். சில்க் பரப்புள்ள பழைய படத்தையே ஸ்கேன் பண்ணி, அதைத் திரும்பவும் டெக்ஸ்சர் கடதாசியில் அச்சிடக் கேட்கிறார்கள். ஸ்கேனரின் வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழுவதால் ஒவ்வொரு மேட்டிலும் ஒரு வெள்ளைப் பொட்டு விழும். கன்னத்தில் மா தூவியதுபோல் இருக்கும். அந்தப் பொட்டுகள் புதுக் கடதாசியின் அச்சோடு மோதினால் அலை அலையாக ஒரு கோலம் கிளம்பும். படத்தை ஒருமுறை ஸ்கேன் பண்ணி, 180 பாகை திருப்பி வைத்து இன்னொருமுறை பண்ணி, இரண்டையும் மென்பொருளில் பொருத்திக் கலந்தால் பொட்டு பாதிக்கு மேல் மங்கும். அதைவிட நல்ல வழி, கமராவால் பிரதி எடுப்பது: இரு பக்க விளக்குகளுக்கும் போலரைசிங் தாள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது), லென்ஸுக்குப் போலரைசர், இரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்காக. பொட்டுகள் அநேகமாக மறைந்துவிடும். நெகட்டிவ் இருந்தால் இந்தப் பாடு எதுவும் வேண்டாம். அதனால்தான் "நெகட்டிவ் எங்கயாவது கிடக்கா?" என்று படத்தோடு வருபவரை ஒருதரம் வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறேன். பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கும், தேடினால்.

ஆர்சி லஸ்டர், பேர்ள் வகைக்கு வருவோம். எப்சன் பிரீமியம் லஸ்டர், இல்ஃபோர்ட் கலரியின் 310 கிராம் (ஒரு சதுர மீற்றர் கடதாசியின் எடை) ஸ்மூத் பேர்ள் போன்றவை. பரப்பில் நுண்ணிய மணல் போட்டது போன்ற, கொஞ்சம் ஒழுங்கில்லாத மேடுபள்ளம். கையில் எடுத்தால் பிளாஸ்டிக் என்று உடனே தெரியும்; பின்பக்கம் நிறுவனத்தின் பெயரும் அச்சடித்திருக்கலாம். ஆனால் கறுப்பு நன்றாக விழுகிறது, காய்வது விரைவு, விலையோ கலைக்கடதாசியின் ஒரு சிறு பங்கு. 1980களின் கறுப்பு வெள்ளை ஆர்சி படத்துக்கு இது போலியே இல்லை. அதுவும் இதே பொலித்தீன் அடித்தளத்தில் பிறந்ததுதான்.

பரைட்டா வகையில்தான் நின்று பார்க்க நிறைய இருக்கிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் முகம் ஒன்றில்லை. ஹானமூலேயின் போட்டோ ராக் பரைட்டா, 315 கிராம், முழுப் பருத்தி. சாய்த்துப் பிடித்தால் மினுக்கம் ஒரே தகடாக ஓடாது. அடியில் உள்ள பருத்தியின் மெல்லிய மேடுபள்ளத்தில் உடைந்து உடைந்து ஓடும். காற்றில் காய்ந்த பழைய ஃபைபர் படத்தை எனக்கு அதிகம் நினைவூட்டுவது இது. அதே நிறுவனத்தின் ஃபைன் ஆர்ட் பரைட்டா, 325 கிராம், மரக்கூழிலிருந்து செய்தது. இன்னும் வழவழப்பு, இன்னும் வெள்ளை, இன்னும் மினுக்கம். கான்சனின் பரைட்டா போட்டோகிராஃபிக், 310 கிராம், பேரியம் சல்பேற்று அடுக்கோடு வருவது; பரப்பு அமைதியாக இருக்கும், கறுப்பு ஆழமாக விழும். கான்சனின் பிளாட்டின் ஃபைபர் ராக், அதுவும் 310 கிராம், முழுப் பருத்தி. வெண்மையூட்டும் இரசாயனம் சேர்க்காதது, அதனால் வெள்ளை கொஞ்சம் இதமாகத் தெரியும்.

அந்த வெண்மையூட்டி பற்றி. சலவைத்தூளில் போடுகிற அதே இனத்துப் பொருள்தான். புறஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாக விடும். போட்டோக் கடதாசிகளில் அது பரவலாகச் சேர்ந்தது 1950களில். அதற்கு முந்திய படத்துக்கு ஜோடியாக நீலம் பாய்ந்த புதுக் கடதாசியை வைத்தால், நம் ஊர்ப் பகல் வெளிச்சத்தில் ஒன்று பழுத்தும் மற்றது வெளுத்தும் நிற்கும். வருடங்கள் போக வெண்மையூட்டியும் செயலிழந்து புதுப் படம் மஞ்சளாகத் தொடங்கும். சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். கடைகளில் ஆயிரம் ரூபாய்த் தாள் கள்ளமா என்று பார்க்கும் ஊதா விளக்கின் கீழே கடதாசியின் ஒரு மூலையைப் பிடியுங்கள். பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் வெண்மையூட்டி நிறைய உண்டு. மந்தமாக இருந்தால் இல்லை, அல்லது மிகக் குறைவு. பழைய படத்தையும் அதே விளக்கின் கீழ் பார்த்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று முடிவு செய்யலாம்.

பரைட்டாவின் குறைகளையும் மறைக்கக் கூடாது. நகம் பட்டாலே கீறும். பிக்மென்ட் மை, அதாவது நுண்ணிய நிறத் துகள்கள் கலந்த மை, கடதாசியின் மேலே தங்குவதால், மை விழுந்த இடம் ஒரு மினுக்கம், மை விழாத வெறும் வெள்ளை வேறொரு மினுக்கம் என்று சாய்வில் தெரியும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டவர்களின் படங்களில் இது உறுத்தும். கெனன் புரோ-1000 போன்றவற்றில் நிறமில்லாத ஒரு பூச்சு மை இதை மூடும். மற்ற பிரிண்டர்களில் தூய வெள்ளையை இரண்டு, மூன்று சதவீதச் சாம்பலுக்கு இறக்கிவிட்டால் எல்லா இடத்திலும் கொஞ்சம் மை விழும். வித்தியாசம் பெருமளவு அடங்கும்.

மாட் கலைக்கடதாசிகள் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. ஹானமூலே ஜேர்மன் எட்சிங், வில்லியம் டேர்னர், போட்டோ ராக் 308 எல்லாம் அழகான கடதாசிகள். ஆனால் அவற்றில் அச்சிட்ட படம் செப்புத்தகட்டு அச்சையோ, பிளாட்டினம் பிரிண்டையோ ஒத்திருக்கும். வெள்ளி ஜெலற்றின் படம் போல இராது. இரண்டாவது வகைப் படத்தைக் கொண்டுவந்தவருக்கு இதைக் கொடுத்தால் "வடிவா இருக்கு, ஆனா இது இல்ல" என்பார், அது நியாயம். மூன்றாவது வகைக்கு மட்டும், அந்த நெசவுப் பரப்பு முகப்படங்களுக்கு, இவை மிக அருகில் வரும். அப்படிச் செய்வதானால் ஜேர்மன் எட்சிங்கையே எடுப்பேன். வில்லியம் டேர்னரின் மேடுபள்ளம் ஏ4க்குக் கீழே முகத்தின் நுணுக்கங்களை விழுங்கிவிடும். இன்னொன்று, கடதாசித் தூள். அச்சிடுமுன் மென்மையான தூரிகையால் தட்டிவிடாவிட்டால், தூள் இருந்த இடத்தில் மை விழுந்து, பிறகு தூள் உதிர்ந்து, கறுப்பின் நடுவே வெள்ளைப் புள்ளி நிற்கும்.

ஐந்தாவது வழியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: கலர் லாப். ஃபூஜி கிறிஸ்டல் ஆர்க்கைவ் போன்ற கடதாசியில் லேசரால் ஒளிபாய்ச்சி, இரசாயனத்தில் கழுவி எடுப்பது. வெள்ளி உப்பு பூசிய, உண்மையிலேயே 'கழுவின' கடதாசி இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான். லஸ்டர் பரப்பிலும் கிடைக்கும். குறை என்னவென்றால் கறுப்பு வெள்ளை சுத்தமாக வராது. லாபின் இரசாயனம் அன்றைக்கு இருக்கும் நிலையைப் பொறுத்துப் பச்சைக்கோ ஊதாவுக்கோ சாயும். அந்தியேட்டிக்கு முன் உறவினர்களுக்குக் கொடுக்க ஐம்பது படம் வேண்டும் என்றால் பேச்சே இல்லை, லாப்தான். சுவரில் மாட்ட ஒரே ஒரு படம் என்றால் வேறு வழி பாருங்கள்.

கடதாசியைத் தெரிவு செய்துவிட்டதாக நினைப்பவரைத் தடுத்து நிறுத்துவது பிரிண்டர். நம் பக்கத்து ஸ்டூடியோக்களிலும் வீடுகளிலும் இருப்பவை பெரும்பாலும் தாங்கியில் மை ஊற்றும் வகை. எப்சன் எல்805, எல்1800 போன்றவை ஆறு நிற டை மை, அதாவது கரைந்த சாயம். டை மை கடதாசிக்குள் ஊறிவிடும். லஸ்டரிலும் குளோசியிலும் மினுக்க வித்தியாசமே இல்லாமல் ஆழமான கறுப்பு தரும். மாட் பருத்தியில் அதே மை சோர்ந்துபோகும். சாம்பல் மை இல்லாததால், சாம்பல் நிறத்தை மற்ற மைகளைக் கலந்தே உண்டாக்கவேண்டும். பகல் வெளிச்சத்தில் நடுநிலையாக இருந்த படம் ரியூப்லைற்றின் கீழ் பச்சையடிக்கும். நிரப்பு மை மலிவாக வாங்கி ஊற்றியிருந்தால் இன்னும் மோசம். சில நாலு தாங்கிப் பிரிண்டர்களில், கெனன் ஜி வரிசையில் பல அப்படி, கறுப்பு மட்டும் பிக்மென்ட்; போட்டோக் கடதாசி என்று அமைத்ததும் அந்தக் கறுப்பை ஒதுக்கிவிட்டு மூன்று நிறங்களைக் கலந்தே கறுப்பு செய்யும். அதில் பரைட்டாவைப் போடுவது கடதாசிக்குச் செய்யும் அநியாயம்.

பிக்மென்ட் பிரிண்டரில் போட்டோ பிளாக், மாட் பிளாக் என்று இரண்டு கறுப்பு உண்டு. பரைட்டாவுக்கும் லஸ்டருக்கும் போட்டோ பிளாக். மாட் பிளாக் அவற்றின் மேல் ஒட்டாது, துடைத்தால் வந்துவிடும். எப்சனின் பி700, பி900இல் இரண்டுக்கும் தனித்தனி வழி இருக்கிறது. பழைய மொடல்கள் பலவற்றில் மாற்றும்போதெல்லாம் மை கழுவி ஊற்றப்படும். ஒரே ஒரு மாட் படத்துக்காக மாற்றச் சொன்னால் அச்சிடுபவர் முகம் சுளிப்பது அதனால்தான். கறுப்பு வெள்ளைக்கென்றே தனி அமைப்பு உள்ள பிரிண்டர் கிடைத்தால், கொழும்புக்கு 250 கிலோமீற்றருக்கு மேல் கோப்பை அனுப்பி அச்சிட்டு எடுப்பதுகூட இங்கேயே டை மையில் பரைட்டா அச்சிடுவதைவிட லாபம். கோப்பு போகக் காசில்லை. படம் வரக் கூரியர் செலவு மட்டும்.

இனி நம் ஊர்க் காற்று. கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் 300 கிராமுக்கு மேற்பட்ட கடதாசி பொதியைத் திறந்து சற்று நேரத்திலேயே வளையத் தொடங்கும். வளைந்த மூலை பிரிண்டரின் தலையில் உரசினால் ஓரத்தில் மைக்கோடு, சிலவேளை தலைக்கே சேதம். தடித்த கடதாசி அமைப்பைப் போட்டு, உங்கள் பிரிண்டர் எத்தனை மில்லிமீற்றர் தடிப்பு வரை ஏற்கும் என்பதைக் கையேட்டில் பார்த்த பிறகுதான் பொதியை வாங்கவேண்டும். வாடை மாதங்களில் கதை நேர்மாறு: ஈரப்பதன் ஏறிக் கடதாசி நெளியும், மை காய மறுக்கும். அச்சிட்ட படத்தைக் குறைந்தது 24 மணித்தியாலம் காயவிடாமல் பிரேமுக்குள் அடைத்தால் மையின் ஆவி கண்ணாடியின் உட்பக்கம் புகையாகப் படியும். மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாள் விடுவது நல்லது.

கண்ணாடி என்றதும் இன்னொரு கேள்வி எழுகிறது. திருக்கடலூரிலோ உப்புவெளியிலோ கடற்கரையோர வீட்டில் படத்தைக் கண்ணாடி இல்லாமல் மாட்ட யாரும் துணியமாட்டார்கள். மாட்டவும் கூடாது, உப்புக் காற்றும் தூசியும் பரப்பில் படிந்தால் துடைக்க முடியாது. கண்ணாடிக்குப் பின்னே போன படத்தின் மேடுபள்ளத்தில் எவ்வளவு தெரியும்? ஆறடி தள்ளி நின்றால், சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. தெரிவது கறுப்பின் ஆழமும் வெள்ளையின் நிறமும். அப்படியானால் பரப்புக்காகக் காசைக் கொட்டுவது யாருக்காக?

ஓர் அக்கா தன் அப்பாவின் படத்தைக் கொண்டுவந்து சொன்னார்: "தம்பி, அப்பாட படம் கண்ணாடி மாதிரி மினுங்கக் கூடாது. ஆனா மங்கியும் போகக் கூடாது." கொண்டுவந்தது இரண்டாவது வகைப் படம், நிழற்பகுதிகளின் ஓரத்தில் வெள்ளி பூத்து, சாய்த்தால் நீலமாய் மின்னியது. ஈரக்காற்றில் பழைய வெள்ளிப் படங்களுக்கு வரும் வியாதி அது. அவருக்கு நான் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்வேன். கையில் எடுத்துப் பார்க்க, பிள்ளைகளுக்குக் கொடுத்துவைக்க ஒரு படம் என்றால் போட்டோ ராக் பரைட்டா அல்லது பிளாட்டின், பிக்மென்ட் மையில். 1950களுக்கு முந்திய படமானால் பிளாட்டின்தான். சுவரில் கண்ணாடிக்குப் பின்னே என்றால் நல்ல லஸ்டர் கடதாசி, ஸ்டூடியோவின் ஆறு நிற டை பிரிண்டரிலேயே, ஆனால் நிறுவனத்தின் சொந்த மையோடு. மிஞ்சும் காசை அட்டைச் சட்டத்துக்குச் செலவழியுங்கள், படம் கண்ணாடியில் முட்டாமல் நிற்கும். அவர் லஸ்டரைத்தான் எடுத்தார்.

பரைட்டா பக்கம் போகிறவர்கள் 25 தாள் பெட்டியை எடுத்த எடுப்பில் வாங்கவேண்டாம். ஹானமூலேயும் கான்சனும் ஒவ்வொரு வகையிலும் ஓரிரு தாள் போட்ட மாதிரிப் பொதிகள் விற்கின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரின் பெட்டிக்குள் ஏ4 பொதி தாராளமாக அடங்கும். ஒரே படத்தை, முகமும் கறுப்பு உடையும் உள்ளதாகப் பார்த்து, எல்லாத் தாளிலும் பாதி அளவில் அச்சிடுங்கள். பின்பக்கம் பென்சிலால் பெயர் எழுதுங்கள். பேனை மை ஊறும். பழைய படத்தோடு சேர்த்துப் பகலில் விறாந்தையிலும் இரவில் விளக்கின் கீழும் பாருங்கள். மிச்சத் தாள்களைச் சிலிக்கா ஜெல் போட்ட பொலித்தீன் உறைக்குள் தட்டையாக வையுங்கள்; அலுமாரியின் அடித்தட்டில் மட்டும் வேண்டாம், மழைக்காலத்தில் ஈரம் முதலில் ஏறுவது அங்கேதான்.